இடுப்பில் பிள்ளையோடு எடுத்த படங்கள்

குளம் சாய்ந்தது என் இடுப்பில் பிள்ளை இருந்ததால்தான். வேறு காரணம் எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் யாரும் வந்து சொல்லவும் இல்லை. என் மகள் ரித்திகாவுக்கு அப்போது இரண்டரை வயது, கீழே விட்டால் அழுவாள், அதனால் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் போனைப் பிடித்தேன், இடுப்பில் பாரம் இருந்தால் ஒரு தோள் இறங்கத்தானே செய்யும், தோள் இறங்கினால் கை சாயும், கை சாய்ந்தால் போன் சாயும், போன் சாய்ந்ததால் குளம் படத்தில் சாய்ந்து விழுந்தது, படத்தில் சாய்ந்து விழுந்த குளம் மறுநாள் விடிந்தபோது ஊரிலும் சாய்ந்தே கிடந்தது.

தெற்குக் கரையில் தண்ணீர் மேல்படி வரைக்கும் ஏறி நின்றது. வடக்குக் கரையில் சேறு தெரிந்தது. நடுவில் தண்ணீர் ஒரு சரிவாக, ஒரு சொட்டு சிந்தாமல், தூங்குகிற பிள்ளை மாதிரி ஒருக்களித்துக் கிடந்தது. வாத்துகள் தெற்கே போகும்போது ஏற்றம் ஏறுவதுபோல இளைத்தன, திரும்பி வரும்போது காலை அசைக்காமல் சறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தன. எங்கள் வார்டு மெம்பர் பலவேசம் மாமா கரையில் நின்று வெற்றிலையை மென்று முடிக்கிற வரைக்கும் பார்த்தார்.

"சிந்தலல்லா?" என்றார்.

"சிந்தல."

"அப்பம் கிடக்கட்டும்."

அன்றைக்கே தெற்குத் தெருப் பெண்கள் மேல்படியில் உட்கார்ந்தபடி துவைக்கக் கற்றுக்கொண்டார்கள், வடக்குத் தெருக்காரர்கள் சேற்றில் விரால் பிடித்தார்கள், மூன்றாம் நாள் அந்தக் குளம் எப்போதும் அப்படித்தான் இருந்தது என்பதுபோல எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் படம் எடுத்தது ஊரைச் சாய்க்க இல்லை. ரித்திகா அப்பா மஸ்கட்டில் ஒரு கடையில் இருக்கிறார்கள், ஹோட்டல் சுவரில் ஒட்டுவதற்கு மலையும் கடலும் காடுமாகப் பெரிய பெரிய படங்களைத் துணியில் அடித்துக் கொடுக்கிற கடை. போய் மூன்று வருஷம் ஆகிறது, பிள்ளை பிறந்ததைப் போனில்தான் பார்த்தார்கள். இந்தக் கார்த்திகை முடிவதற்குள் இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறேன் என்று முதலாளியிடம் கையெழுத்துப் போடவேண்டும், அல்லது கிளம்பி வந்துவிடவேண்டும். "என்ன செய்யட்டும்?" என்று அவர்கள் கேட்டார்கள். "உங்க இஷ்டம்" என்றேன். "உன் இஷ்டத்தச் சொல்லு" என்றார்கள். "உங்க இஷ்டந்தான்" என்றேன். வாங்க என்று ஒரு வார்த்தைதான், அதைச் சொன்னால் நான் சொல்லித்தான் வந்தார்கள் என்று ஆகிவிடும், வந்த பிறகு ஏதாவது சரியில்லை என்றால் அதுவும் என் தலையில் வரும், அதோடு இப்படி வாயைத் திறந்து கூப்பிட எனக்குக் கூச்சம், அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடும். பிறகு அவர்களே, "சரி, ஊரை ஒரு படம் எடுத்து அனுப்பு. பாத்துட்டு முடிவு பண்ணுதேன்" என்றார்கள், விளையாட்டாகச் சொன்னார்களா நிஜமாகச் சொன்னார்களா என்று எனக்குத் தெரியவில்லை, நான் நிஜமென்றே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டு வாசல் மேற்கே பார்த்தது. வாசலில் நின்றால் முன்னால் குளம், குளத்துக்கு அந்தப் பக்கம் நேர் நடுவில் பொத்தை, எங்கள் பக்கத்தில் சின்ன மலையைப் பொத்தை என்போம். வலது ஓரத்தில் தார் ரோடு, ரோட்டோரம் பஸ் ஸ்டாப், ஒரு கரண்டு போஸ்ட்டு, ஒற்றைப் பனை. அதைத்தான் எடுத்து அனுப்பினேன், குளம் சாய்ந்தது.

"ஏளா, தண்ணி கோடு சாய்ஞ்சு கிடக்கு" என்று அவர்களிடமிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. "படத்துக்கு முதப் பாடமே அதான். தண்ணி, அடிவானம், இதெல்லாம் நேரா இருக்கணும்."

"பிள்ள இடுப்புல இருந்தா."

"பிள்ளைய இறக்கி விட்டுட்டு எடு."

இறக்கி விட்டேன், அவள் கத்தக் கத்த எடுத்தேன், மறுநாள் குளம் நிமிர்ந்துவிட்டது. தெற்குத் தெருக்காரர்கள் மேல்படித் தண்ணீர் எங்கே போயிற்று என்று பலவேசம் மாமாவிடம் போய்ச் சண்டை போட்டார்கள்.

அடுத்த பாடம் பொத்தை. "எல்லாத்தையும் நட்டநடுவுல வைக்காத. படத்த நெட்டுக்க மூணு பாகமா நெனச்சுக்கோ, அந்த முதக் கோட்டுல பொத்தைய வையி. மிச்ச இடம் சும்மா கிடக்கட்டும். இங்க வார படத்துல ஒருத்தனும் மலைய நடுவுல வைக்க மாட்டான்." சொன்னபடி கையைத் திருப்பித் திருப்பி, பொத்தையை இடப்பக்கக் கோட்டில் வைத்து எடுத்தேன். மறுநாள் காலையில் வாசலில் நேரே நின்று பார்த்தால், பொத்தை தன் பாறைகளோடும் உச்சியில் இருந்த மாடசாமியோடும் தெற்கே தள்ளி நின்றது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போன் பொத்தையைப் பார்க்கிறதா, பொத்தை போனைப் பார்க்கிறதா என்று விளங்கவில்லை. அடுத்த வீட்டிலிருந்து மதினி வந்தாள், உடையாச்சி மதினி, ரித்திகா அப்பாவுக்கு அக்கா, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் பீடி சுற்றுவோம். கையில் இலைக்கட்டோடு என் பக்கத்தில் நின்று பொத்தையைப் பார்த்தாள், என் போனைப் பார்த்தாள், மறுபடி பொத்தையைப் பார்த்தாள்.

"தள்ளி வைக்கச் சொன்னாங்க மதினி."

"கோட்டிக்காரி. நீ ரெண்டு எட்டு தள்ளி நிக்கதுக்கு என்ன? பொத்தைய எதுக்குத் தள்ளின?"

காலை நகர்த்தினால் போதும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி, நாலு பேர் பார்க்கப் போனைத் தூக்கிப் பிடிக்க என்னால் முடியாது. பொத்தைக்கும் அது தோன்றவில்லைபோல.

ஊர் அதையும் சுவரில் தண்ணீர் ஊறுகிற மாதிரி மெதுவாக உள்ளே வாங்கிக்கொண்டது. தெற்குத் தெருவில் சாயங்காலம் ஒரு மணி நேரம் முந்தி வந்தது, அங்கே எல்லாரும் முந்தி விளக்கேற்றி முந்திச் சாப்பிட்டு முந்தித் தூங்கி, கோழிக்கு முன்னால் எழுந்து கோழியை எழுப்பினார்கள். வடக்குத் தெருவில் வத்தல் ஒரு நாள் முந்திக் காய்ந்தது, பெண் பார்க்க வருகிறவர்கள் வெயில் தெருவா நிழல் தெருவா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். ஆடுகள் பழைய இடத்துக்கே போய் வெறும் தரையில் முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஏறப் பார்த்தன. வி.ஏ.ஓ. வரைபடத்தோடு வந்து, தாளை இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, பொத்தையும் தாளும் ஒத்து வருகிற மாதிரி தானே ஒரு சுற்றுச் சுற்றி நின்று, "சரியாத்தான இருக்கு" என்று சொல்லிவிட்டு மோரைக் குடித்துவிட்டுப் போனார். மாடசாமி முன்பு பஸ் ஸ்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது, இப்போது யூனியன் பள்ளிக்கூடத்தைப் பார்த்தது, டீச்சர் நேரத்துக்கு வர ஆரம்பித்தார்கள்.

நான் ரித்திகா அப்பாவிடம் சொல்லாமல் இல்லை. "பொத்தை நெசமாவே தள்ளிப் போச்சுங்க" என்றேன்.

"ஆமா, படத்துல அப்படித்தான் தெரியும்" என்றார்கள். "இப்பம் பாக்க எவ்வளவு நல்லாருக்கு பாத்தியா? ஆனா முன்னால வெறிச்சுன்னு கிடக்கு. தூரத்துல பொத்தை இருந்தா, கிட்டக்க ஒரு பொருள் இருக்கணும். அப்பந்தான் பாக்கவன் உள்ள நடந்து போவான்."

கிட்டத்தில் எனக்கு என்ன இருக்கிறது, பீடித் தட்டுதான் இருக்கிறது. தட்டை வாசல் படிக்கட்டில் வைத்து, இலையும் தூளும் கத்தரிக்கோலும் அதிலேயே கிடக்க, குத்தவைத்து எடுத்தேன். கிட்டத்தில் இருக்கிற தட்டு தூரத்துப் பொத்தையைவிடப் பெரிதாகத்தானே விழும். மறுநாள் குளத்தங்கரையில் என் தட்டு நெல்லடிக்கிற களம் அகலத்துக்குக் கிடந்தது, என் கத்தரிக்கோல் அதில் ஒரு மாட்டு வண்டி மாதிரிச் சாய்ந்திருந்தது. அதற்கும் யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. காலை வேலை முடிந்ததும் ஊர்ப் பெண்கள் அவரவர் இலையோடு ஏறி அதற்குள் உட்கார்ந்துகொண்டார்கள், விளிம்பு உயரமாக இருந்ததால் காற்றுக்கு இலை பறக்கவில்லை, பிள்ளைகள் வெளியே விழவில்லை, முதுகு சாய்க்கவும் வாட்டமாக இருந்தது.

அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று, இது பூங்கனி எடுக்கிற படத்தால் என்று. ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. காலையில் தலை சீவிப் பொட்டு வைத்த பிறகுதான் வெளியே வந்தார்கள், எந்நேரம் படத்தில் விழுவோமோ என்று. "ஏ பூங்கனி, நாளைக்கு எடுக்கும்போது எங்க கோழிக்கூட்டக் கொஞ்சம் நெழலுக்குத் தள்ளி வையி தாயி" என்றாள் ஒருத்தி. "எம் மாமியார் வீட்டப் படத்துக்கு வெளிய விட்டுரு, ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் இன்னொருத்தி, தட்டு முழுக்கச் சிரிப்பு. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், பெயர் கூப்பிட்டால்கூடக் கதவுக்குப் பின்னால் போகிறவள், என் கையில் எதற்கு ஊரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், கொடுத்தது யார், எதுவும் விளங்கவில்லை.

தட்டு படம் ரித்திகா அப்பாவுக்குப் பிடித்தது. பிடித்தாலும் இன்னும் இரண்டு குறை. "ஆளு, ஆடு, மாடு, எது படத்துல இருந்தாலும் அது எந்தப் பக்கம் பாக்கோ அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் விடணும். இல்லன்னா மூக்கு சுவத்துல இடிச்ச மாதிரி இருக்கும். பொறவு, வலப்பக்க ஓரத்தப் பாரு. போஸ்ட்டு, வயரு, ஒத்தப் பனை, பஸ் ஸ்டாப்பு, எல்லாம் முட்டிக்கிட்டு நிக்கு. வெட்டிரு. என்னத்த வைக்கோங்கது பாதின்னா என்னத்த விடுதோங்கது மறுபாதி."

இது எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பீடி இலையின்மேல் அளவுத் தகட்டை வைத்து நான் பன்னிரண்டு வயதிலிருந்து வெட்டுகிறேன். ஓட்டை இருந்தால் தகட்டை நகர்த்து, தடித்த நரம்பு வந்தால் சாய்த்து வை, ஓரம் கருகியிருந்தால் விட்டுவிடு, நடுவில் நல்ல இடம் எதுவோ அதுமட்டும் போதும், மிச்சத்தைக் கொல்லையில் கொட்டு. போனில் வெட்டுகிற கட்டத்தைத் தகடு மாதிரிப் பிடித்து, வலது ஓரத்தை ஒரே வெட்டாக வெட்டினேன். குளம், பொத்தை, தட்டு, வானம். அவ்வளவு சுத்தமாக என் வாழ்நாளில் நான் ஓர் இலைகூட வெட்டியதில்லை.

அவர்கள் உடனே பேசினார்கள், குரல் ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. "இதாம்ளா படம். முதலாளிகிட்ட காட்டினேன். எந்த நாடுன்னு கேட்டாரு." கொஞ்சம் நிறுத்திச் சிரித்தார்கள். "எனக்கே சட்டுன்னு அடையாளம் தெரியல. யாரு ஊரோன்னு இருந்துச்சு. சுவத்துல மாட்டி வச்சா பாத்துக்கிட்டே இருக்கலாம்."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நாளக்கழிச்சு கையெழுத்துப் போடச் சொல்லுதாரு."

"உங்க இஷ்டம்" என்றேன், போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை பஸ் நிற்காமல் போயிற்று. நிற்க என்ன இருக்கிறது, ரோடு மட்டும் தப்பிக் கிடந்தது, ரோட்டோரம் வெறும் தரையும் வானமும்தான் இருந்தது. கண்டக்டர் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு எங்கள் ஊரை அழகான காலண்டரைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார், விசில் கொடுத்துக்கொண்டே போனார். டவுனுக்குப் போக நின்றவர்கள் கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கித் தேடிவிட்டு, வெட்டினது எல்லாம் எங்கே கொட்டுகிறோமோ அங்கே போய்ப் பார்க்கலாம் என்று என் வீட்டுக் கொல்லைக்கு வந்தார்கள். அங்கேதான் இருந்தது. நான் இலை வெட்டுக் கொட்டுகிற குவியல்மேல் பஸ் ஸ்டாப், அதை இடித்துக்கொண்டு கரண்டு போஸ்ட்டு, அறுந்து தொங்காமல் அந்தரத்தில் முடிந்துபோன வயர், ஒற்றைப் பனை. எல்லாம் சந்தையில் இறக்கிய சாமான் மாதிரி நெருக்கியடித்து நின்றன. பலவேசம் மாமா வெட்டுக் குவியலில் ஏறி ஸ்டாப்புக்குள் உட்கார்ந்து, துண்டை மடியில் போட்டு, பஸ் வருகிற வடக்குப் பக்கமாகத் தலையைத் திருப்பினார். மற்றவர்களும் அப்படியே உட்கார்ந்தார்கள். என் கொல்லையில் பஸ் வராது என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஸ்டாப் எங்கே இருக்கிறதோ அங்கேதானே காத்திருக்க முடியும் என்றார்கள்.

நான் அவர்களுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மதினி கொல்லைச் சுவரில் சாய்ந்து நின்று பீடி இலையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எந் தம்பி வந்தா எங்கன எறங்குவான்?" என்றாள்.

திட்டுகிற குரல் இல்லை. கேட்கிற குரல்தான். நல்ல படம் அனுப்பினால் வருவார்கள் என்று நான் எடுத்தேன், ஒவ்வொரு படமும் முன்னதைவிட நல்லதாக ஆயிற்று, நல்லதாக ஆக ஆக ஊர் ஊராக இல்லை, கடைசியில் அவர்கள் பார்த்து அடையாளம் தெரியாத ஊர், இறங்க இடமில்லாத ஊர், சுவரில் மாட்டிவைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து இரண்டு வருஷம் பார்க்கலாம் போன்ற ஊர் ஒன்றை நான்தான் வெட்டி அனுப்பியிருக்கிறேன். எங்கே தப்புச் செய்தேன், அவர்கள் சொன்னதில் ஒன்றைக்கூட நான் விடவில்லையே என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் குழம்பியது. ஒன்று மட்டும் தெரிந்தது. இத்தனை படத்திலும் நகராமல் இருந்தது என் வீடுதான், ஏனென்றால் அது எப்போதும் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

போனை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினேன். ரித்திகா அழுதாள், தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். தெருவைத் தாண்டி, தட்டுக்குள் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் சுற்றுவதை நிறுத்திப் பார்க்க, இருபது எட்டு நடந்து, குளத்துக்கும் பொத்தைக்கும் முதுகைக் காட்டி நின்றேன். காது சூடாக இருந்தது.

"எங்க போறா இவ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ரெண்டு எட்டு தள்ளி நிக்கா" என்று மதினி சொன்னது காதில் விழுந்தது.

போன் கண்ணாடியில் வீடு நட்டநடுவில் விழுந்தது. ஓட்டுக்கூரையின் தலையிலிருந்து பனைமரம் முளைத்த மாதிரி நின்றது, வயர் குறுக்கே ஓடியது, கொடியில் ரித்திகாவின் சட்டையும் என் பழைய சேலையும் கிடந்தன, சேலையின் கிழிசல் தெரிந்தது, வீட்டுப் பக்கவாட்டில் ஸ்டாப்பும் அதற்குள் பலவேசம் மாமாவும் மற்றவர்களும் துண்டும் கூடையுமாக எட்டித் தெரிந்தார்கள். ரித்திகா அப்பா சொல்லித்தந்த பாடத்தில் ஒன்றைக்கூட அந்தப் படம் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று நினைவு வந்தது. எல்லாரும் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கிற பக்கம் இடம் விடவேண்டும். வடக்குப் பக்கம், எங்கள் வீட்டுச் சுவருக்கும் படத்தின் ஓரத்துக்கும் நடுவில், ஒரு பஸ் நிற்கிற அளவுக்கு வெறும் தரையை விட்டு எடுத்தேன். வெட்டவில்லை. அப்படியே அனுப்பினேன். கீழே ஒன்றும் எழுதவும் இல்லை.

மறுநாள் காலை பஸ் அந்த இடத்தில் வந்து நின்றது. எந்த வழியாகத் திரும்பி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கண்டக்டர் இறங்கி எங்கள் ஊர் பெயரைச் சொல்லி, "எறங்குதவுக எறங்குங்க" என்றார், இறங்க யாரும் இல்லை, ஏறுகிறவர்கள் என் வெட்டுக் குவியலில் மிதித்து ஏறினார்கள்.

ரித்திகா அப்பாவிடமிருந்து, படம் அனுப்பிய அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அடுத்த நாள் கையெழுத்துப் போடுகிற நாள், அன்றைக்கும் வரவில்லை. படத்துக்குக் கீழே பார்த்துவிட்டதற்கான நீலக்கோடு இரண்டும் மட்டும் இருந்தன. நான் இலை வெட்டினேன், அளவுத் தகட்டை மாற்றி வைத்து நல்ல இலையை வீணாக்கினேன், மதினி எனக்குக் கொடுத்திருந்த தன் கத்தரிக்கோலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் வாய்ஸ் வந்தது. மதினி பக்கத்தில் இருந்தாள், தள்ளிப் போகவில்லை. பின்னால் ஏதோ மிஷின் ஓடுகிற சத்தம். பிறகு அவர்கள் குரல்.

"ஏளா. படம் கோணலா இருக்கு. பனைமரம் வீட்டுத் தலையில நிக்கு. பலவேசம் மாமா எங்கன உக்காந்திருக்காரு, நம்ம கொல்லையிலயா? ஒண்ணும் சரியில்ல." நிறுத்தினார்கள். "பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டுத்தான எடுத்த? கையெழுத்துப் போடல. வந்து சரி பண்ணுதேன்."

மதினி மூக்கை உறிஞ்சினாள். "போட்டோ எடுக்கத் தெரியலன்னு ஒருத்தன் வேலைய விட்டுட்டு வாரானாம்" என்றாள்.

நாங்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே ரித்திகாவின் பந்து அடுப்படியிலிருந்து தானாக உருண்டு வந்து வடக்குச் சுவரில் முட்டி நின்றது. அந்தப் படத்துக்குப் பிறகு எங்கள் வீடு சாய்ந்துதான் இருக்கிறது. பந்து, வெங்காயம், தேங்காய், நூல்கண்டு, எதைக் கீழே வைத்தாலும் பஸ் வந்து நிற்கிற பக்கமாகவே உருள்கிறது. தொட்டில்கூட அந்தப் பக்கம்தான் ஒதுங்கித் தொங்குகிறது. பிள்ளையின் பாரத்தால் கை சாய்ந்ததா, சாயட்டும் என்று நானே விட்டேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மதினி பந்தை எடுத்து நடுவீட்டில் வைத்தாள், அது மறுபடி கிளம்பியது.

"இன்னொரு படம் எடுத்து நிமுத்திரலாமேளா. ரெண்டு நிமிசம்."

போனை அலமாரியின் மேல்தட்டில், எனக்கே லேசில் எட்டாத இடத்தில் எக்கி வைத்தேன்.

"வேண்டாம் மதினி" என்றேன். "அவுக வரட்டும்."

சொன்ன பிறகுதான் கவனித்தேன், தொண்டை வரைக்கும் வந்து திரும்புகிற அந்த வார்த்தை வெளியே வந்திருந்தது. பந்து சுவரைத் தொட்டு நின்றது.